குழந்தை இல்லாத நாங்கள் இரண்டு பேர் டிஸ்னி கப்பலில் போனால் நன்றாக இருக்குமா?

செம்பூர்க்காரி:

எல்லோருக்கும் வணக்கம். கேள்வி கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள். எனக்கும் கணவருக்கும் நாற்பதை ஒட்டிய வயது, குழந்தைகள் இல்லை, ஏன் இல்லை என்பது இங்கே வேண்டாம். இரண்டு பேருக்கும் கார்ட்டூன் என்றால் உயிர். அவர் இன்னமும் ஞாயிற்றுக்கிழமை காலையில் டொனால்ட் டக்கைப் போட்டுவிட்டுத்தான் இட்லித் தட்டோடு உட்காருவார்.

சிங்கப்பூரிலிருந்து டிஸ்னி அட்வெஞ்சர் என்று ஒரு புதுக் கப்பல், பார்த்திருப்பீர்கள். முதலில் 2025 டிசம்பர் 15 என்றார்கள், அப்புறம் 2026 மார்ச் 10 என்று தள்ளி வைத்தார்கள். மூன்று இரவு, நான்கு இரவுப் பயணங்கள். வழியில் எந்த ஊரிலும் நிற்காது, கடலில் சுற்றிவிட்டு மறுபடி சிங்கப்பூருக்கே வந்துவிடும். அதில் போக வேண்டும் என்று ரொம்ப ஆசை. இதை வீட்டில் சொன்னதுதான் தாமதம், "குழந்தைங்க போற கப்பல்ல நீங்க ரெண்டு பேரும் போய் என்ன பண்ணப் போறீங்க?" என்று நாத்தனார் கேட்டுவிட்டார். ஆபீஸிலும் அதே கேள்விதான், கொஞ்சம் நாசூக்காக. ஒருத்தர் மட்டும், "முதல்ல நம்ம மும்பைலேர்ந்து கோவா போற கப்பல்ல போய்ப் பழகிக்கோங்க" என்றார்.

எனக்குத் தெரிய வேண்டியதெல்லாம் இதுதான். சத்தம் தாங்குமா? குளத்தில் நிம்மதியாக இறங்க முடியுமா? பெரியவர்களுக்கு என்று நிஜமாகவே ஏதாவது இடம் உண்டா, அல்லது பேருக்கு ஒரு மூலையில் நாலு நாற்காலி போட்டு வைத்திருப்பார்களா? சாப்பாட்டு மேசையில் முன்பின் தெரியாத குடும்பத்தோடு உட்கார வைப்பார்கள் என்று கேள்விப்பட்டேன், அது கட்டாயமா? சுமார் 6,700 பேர் ஏறுகிற கப்பலாம், அதில் பாதிப் பேர் பத்து வயசுக்குள் என்று நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது. இது புதுக் கப்பல், அதனால் வேறு கப்பலில் போனவர்களும் சொல்லலாம்.

போரிவிலி ஃபாஸ்ட்:

எந்தக் கப்பல் என்பதை விட என்றைக்குப் போகிறீர்கள் என்பதுதான் விஷயம் மேடம். பள்ளிக்கூடம் நடக்கிற நாளில் பிள்ளைகள் கப்பலில் இருக்க முடியாது, அவ்வளவுதான் கணக்கு. சிங்கப்பூரில் மார்ச்சில் ஒரு வாரம் லீவு, ஜூனில் நாலு வாரம், செப்டம்பரில் ஒரு வாரம், அப்புறம் நவம்பர் பாதி தாண்டியதும் தொடங்கி டிசம்பர் முடியும் வரை. நம் ஆட்களுக்கு ஏப்ரல், மே, தீபாவளி, கிறிஸ்துமஸ். நடுவில் சீனப் புத்தாண்டு வேறு. இதையெல்லாம் கழித்துவிட்டுப் பார்த்தால் ஜூலை, ஆகஸ்ட் (9ஆம் தேதி அவர்களுடைய தேசிய தினம், அதை ஒட்டிய சனி ஞாயிறு வேண்டாம்), செப்டம்பர் கடைசி, பிப்ரவரியில் சீனப் புத்தாண்டு முடிந்த பிறகு மார்ச் லீவு வருவதற்கு முன்னால் உள்ள நாட்கள், இவ்வளவுதான் மிச்சம். அந்த பிப்ரவரி இடைவெளி தங்கம். நம் ஊர்ப் பிள்ளைகளுக்குப் பரீட்சை நேரம், எந்த அம்மாவும் அப்போது கப்பல் ஏற்ற மாட்டாள்.

இதையெல்லாம் மனப்பாடம் செய்ய வேண்டிய அவசியமும் இல்லை. அதே கப்பல், அதே வகை கேபின், தேதியை மட்டும் மாற்றி மாற்றிப் போட்டு விலையைப் பாருங்கள். எங்கே திடீரென்று இறங்குகிறதோ அந்த வாரம் எங்கேயோ மணி அடித்துப் பாடம் நடந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

விலை என்றதும் ஒரு வயிற்றெரிச்சல் ஞாபகம் வருகிறது. கேபினில் முதல் இரண்டு பேருக்குத்தான் முழு விலை, மூன்றாவது நாலாவது ஆளுக்குக் குறைத்துவிடுவார்கள், சலுகைக் காலத்தில் சில கம்பெனிகளில் பிள்ளைகளுக்கு இலவசமாகவே கொடுப்பார்கள். ஆக நாலு பேர் குடும்பம் தலைக்கு எவ்வளவு கொடுக்கிறதோ அதை விட உங்களுக்குத் தலைக்கு அதிகமாகத்தான் விழும்.

கோவா கப்பலைச் சொன்னவர் சொன்னதில் தப்பில்லை. கார்டேலியா என்ற கம்பெனி 2021 செப்டம்பரிலிருந்து நம் பல்லார்டு பியர் துறைமுகத்திலிருந்து அதை ஓட்டுகிறார்கள், மழைக்காலத்தில் இந்தப் பக்கக் கடல் முரண்டு பிடிக்கும் என்பதால் சென்னைப் பக்கம் போய்விடுவது வழக்கம். கப்பல் வாழ்க்கை பிடிக்கிறதா என்று பார்க்க அது போதும். ஆனால் வாரக்கடைசிப் பயணத்தை எடுக்காமல் வார நடுவில் கிளம்புவதாகப் பாருங்கள்.

தானே தனி ஆள்:

என்னைக் கேட்டால் வேண்டாம். சிங்கப்பூர் வரை விமான டிக்கெட், விசா, கப்பல் ஏறுவதற்கு முன்னால் ஒரு ராத்திரி ஹோட்டல், அதுக்கப்புறம்தான் கப்பல் காசு. அந்தப் பணத்தில் இரண்டு பேரும் வியட்நாமில் ஒரு வாரம் ஜாலியாக இருந்துவிட்டு வரலாம். கப்பலில்தான் போவேன் என்றால் பெரியவர்களுக்கு மட்டுமே ஆன கப்பல்கள் உலகத்தில் இருக்கின்றன. வர்ஜின் வாயேஜஸில் 18 வயசுக்குக் கீழே ஏற்றுவதே இல்லை, வைகிங்கிலும் அப்படித்தான். இங்கிலாந்திலிருந்து கிளம்புகிற பி அண்ட் ஓ கப்பல்களில் ஆர்கேடியா, அரோரா இரண்டும் பெரியவர்களுக்கு மட்டும். எதுவும் சயான் ஸ்டேஷனிலிருந்து நடந்து போகிற தூரத்தில் இல்லை என்பது வேறு விஷயம்.

ஆனால் ஒன்று சொல்கிறேன், சத்தத்துக்குக் குழந்தைகளை மட்டும் குறை சொல்லாதீர்கள். நான் ஆபீஸ் கும்பலோடு ஒரு கப்பலில் போனேன். ராத்திரி இரண்டு மணிக்குப் பிள்ளைகள் எல்லாம் அவரவர் கேபினில் தூங்கிக்கொண்டிருந்தன, வராந்தாவில் ஸ்பீக்கரை வைத்துக்கொண்டு ஆட்டம் போட்டது எங்கள் சேல்ஸ் டீம்தான். எதிர் கேபின் தாத்தா கதவைத் திறந்து, லுங்கியோடு நின்று, ஒரு வார்த்தை பேசாமல் எங்களைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார்.

செம்பூர்க்காரி:

வியட்நாமில் டிஸ்னியின் கூஃபி இல்லையே சார். :)

போரிவிலி ஃபாஸ்ட் சார், அந்த விலைத் தந்திரம் பிரமாதம். இப்போதே உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன், ஜூனுக்கும் ஜூலைக்கும் நடுவில் நல்ல பள்ளம்.

ரெண்டு வால் அம்மா:

நான் எதிர்த்தரப்பு, அதாவது அந்தச் சத்தத்தைப் பெற்றவள். இரண்டு பையன்களோடு சிங்கப்பூரிலிருந்து ராயல் கரீபியனில் போனோம், அதனால் உள்ளதைச் சொல்கிறேன்.

பெரிய கப்பலில் பிள்ளைகள் நீங்கள் நினைக்கிற அளவுக்குக் கண்ணில் பட மாட்டார்கள். மூன்று வயசு தாண்டி, டயப்பரை விட்டுவிட்டால் போதும், கிட்ஸ் கிளப்பில் சேர்த்துக்கொள்வார்கள், அதற்குத் தனிக் காசு இல்லை. என் மூத்தவன் இரண்டாம் நாள் காலையில் உள்ளே போனவன் சாப்பாட்டுக்குக் கூட வெளியே வர மாட்டேன் என்று அடம். நாங்கள் இரண்டு பேரும் சோலாரியத்துக்குப் போனோம், அது 16 வயசுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும், கண்ணாடிக் கூரை போட்டுக் குளிர்ச்சியாக இருக்கும். அங்கே சாய்வு நாற்காலியில் கிடந்த முக்கால்வாசிப் பேர் எங்களை மாதிரி தப்பித்து வந்த அப்பா அம்மாக்கள்தான், முகத்தைப் பார்த்தாலே தெரியும், சிலருக்கு வாய் திறந்தபடி தூக்கம். ஆக அங்கே உங்களைத் தொந்தரவு செய்ய யாருக்கும் தெம்பு இருக்காது.

சில இடங்களும் சில நேரங்களும் மட்டும் நிச்சயமாகக் கலவரம். காலை எட்டரையிலிருந்து பத்து மணி வரை பஃபே. மத்தியானம் பெரிய குளத்தைச் சுற்றி. ராத்திரி ஷோ விடுகிற நேரத்தில் லிஃப்ட் வாசல், ஏதாவது ஒரு வாண்டு எல்லா பட்டனையும் அமுக்கிவிட்டு இறங்கிப் போயிருக்கும். அப்புறம் அந்த ஐஸ்கிரீம் மெஷின். கோனை வைக்காமலே கைப்பிடியை இழுத்துவிட்டு, கீழே குவிகிற ஐஸ்கிரீமை ஏதோ அருவியைப் பார்க்கிற மாதிரி நின்று பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு அஞ்சு வயசு. அவன் என் சின்னவனாக இருக்கலாம். ஏழரைக்கே போய்க் காலைச் சாப்பாட்டை முடித்துவிட்டால் நாளில் பாதித் தொல்லை குறைந்துவிடும்.

கொஞ்சம் கறாராகவும் ஒன்று சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். குடும்பக் கப்பல் என்று போட்டு விற்கிற கப்பலில் ஏறிவிட்டுப் பிள்ளைகள் ஓடினால் உச்சுக் கொட்டுகிறவர்களையும் நாங்கள் பார்க்கிறோம். நீங்கள் அப்படி இல்லை என்று உங்கள் எழுத்திலேயே தெரிகிறது, பொதுவாகச் சொன்னேன்.

தானே தனி ஆள்:

அந்தத் தாத்தா உச்சுக் கொட்டியிருந்தால் கூடப் பரவாயில்லை அக்கா.

மாட்டுங்கா பென்ஷனர்:

செம்பூர்க்காரி அம்மா, டிஸ்னி கப்பலிலேயே போயிருக்கிறேன், ஆனால் அமெரிக்காவில். மகள் குடும்பம் ஃப்ளோரிடாவில் இருக்கிறது, போர்ட் கனாவரலிலிருந்து ஏறினோம். கூட்டிப் போனது பேத்திக்காக, ஆனால் எனக்கும் என் மனைவிக்கும் கிடைத்த ஓய்வு நேரம் ஏராளம், ஏனென்றால் பேத்தியை நாங்கள் பார்க்கவே முடியவில்லை.

பெரியவர்களுக்கு நிஜமாகவே இடம் இருக்கிறதா என்று கேட்டிருந்தீர்கள். நாங்கள் போன கப்பலில் இருந்தது. தனிக் குளம், 18 வயசுக்கு மேல்தான், வாசலில் ஒரு ஆள் நின்று பார்த்துக்கொள்கிறார், சும்மா போர்டு மட்டும் இல்லை. பாலோ என்று ஒரு இத்தாலியச் சாப்பாட்டுக் கடை, அதுவும் பெரியவர்களுக்கு மட்டும், தனிக் காசு, ஷார்ட்ஸ் போட்டுக்கொண்டு போனால் விட மாட்டார்கள். முன்கூட்டியே பதிவு செய்யாவிட்டால் கிடைக்காது. ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் பார், இசை நடக்கிற பகுதியில் சின்னவர்களை விடுவதில்லை. சூதாட்டக் கூடம் டிஸ்னி கப்பல்களில் கிடையவே கிடையாது, அது சில பேருக்குக் குறையாகத் தெரியும், எனக்கு நிம்மதியாக இருந்தது, வேறு கப்பல்களில் அந்த வழியாகத்தான் எங்கே போனாலும் நடக்க வேண்டியிருக்கிறது, ஒரே சிகரெட் நாற்றம். சிங்கப்பூர்க் கப்பலில் இதில் எதெல்லாம் இருக்கிறது என்று அவர்களுடைய தளத்தில் டெக் வரைபடம் போட்டிருப்பார்கள், பணம் கட்டுவதற்கு முன்னால் அதைப் பாருங்கள்.

ஒரு விஷயம் எனக்கே வியப்பாக இருந்தது. குழந்தை இல்லாமல் ஜோடியாக வந்தவர்கள் அந்தக் கப்பலில் நிறையப் பேர். வராந்தாவில் நடந்தால் கேபின் கதவுகள் இரும்பு என்பதால் ஆளாளுக்குக் காந்தம் ஒட்டி அலங்காரம் செய்திருக்கிறார்கள். பெயர், மிக்கி காது, கல்யாண நாள் என்று. எங்கள் எதிர்க் கதவில் இருபத்தைந்தாம் கல்யாண நாள் என்று பெரிதாக ஒட்டியிருந்தது, உள்ளேயிருந்து வந்தவர்கள் இரண்டே பேர், இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி சட்டை, அதில் மிக்கியின் நாய் புளூட்டோ. கூஃபியோடு படம் எடுக்கிற வரிசையில் எனக்கு முன்னால் நின்றவருக்கு என் வயசு இருக்கும். யாரும் யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை. அங்கே பார்க்க வேண்டியது வேறு நிறைய இருக்கிறது, நடுக்கடலில் வாணவேடிக்கை விடுகிறார்கள்.

சைவம் என்றால் முன்னாலேயே எழுதிப் போட்டுவிடுங்கள். டிஸ்னியில் தினம் ஒரு ரெஸ்டாரண்ட் மாறும், ஆனால் பரிமாறுகிறவர்கள் மாறுவதில்லை, உங்கள் கூடவே வருவார்கள். முதல் நாள் அவரிடம் பருப்பும் சப்பாத்தியும் பற்றிப் பேசிவைத்தால் மறுநாளிலிருந்து அவரே ஞாபகம் வைத்துக்கொண்டு வருவார். எங்களுக்கு வந்தவர் கோவாக்காரர், மாட்டுங்கா என்றதும் அவர் கேட்ட முதல் கேள்வி ரயில்வே ஸ்டேஷன் பக்கத்து இட்லிக் கடைகளைப் பற்றி.

செம்பூர்க்காரி:

ரொம்ப நன்றி சார், அந்தப் புளூட்டோ ஜோடியைப் பற்றிப் படித்ததும் இவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன். சத்தத்தை விட எனக்குப் பயம் அந்த மேசைதான். சிங்கப்பூர்க் கப்பல் என்றால் இந்தியாவிலிருந்து நிறையக் குடும்பங்கள் வரும். எட்டு பேர் மேசையில் உட்கார வைத்தால் சூப் வருவதற்கு முன்னால் "உங்களுக்கு எத்தனை பசங்க?" வந்துவிடும். இல்லை என்றால் ஒரு நிமிஷம் மௌனம். அதுக்கப்புறம் ஒருத்தர் டாக்டர் பெயர் சொல்வார், ஒருத்தர் கோயில் பெயர், ஒருத்தர் தன் சித்தி பெண்ணுக்கு நாற்பத்திரண்டில் பிறந்த கதையை ஆரம்பிப்பார். எல்லோரும் நல்லவர்கள்தான், நல்ல மனசோடுதான் சொல்கிறார்கள். கல்யாண வீட்டில் என்றால் பந்தி முடிந்ததும் கை கழுவப் போகிற சாக்கில் நழுவிவிடலாம். கப்பலில் மறுநாள் ராத்திரியும் அதே மேசை, அதே ஆட்கள், தப்பிக்க நாலா பக்கமும் தண்ணீர். இதற்கு ஏதாவது வழி இருக்கிறதா?

கடல் தண்ணி:

இருக்கிறது அக்கா. நான் பல வருஷம் கப்பல்களில் டைனிங்கில் வேலை பார்த்தவன், இப்போது வாஷியில் கரையோடு கரையாக இருக்கிறேன். நீங்கள் சொன்ன அந்த மேசையை நான் தட்டோடு நின்று பலமுறை பார்த்திருக்கிறேன், கேள்வி கேட்கிறவருக்கு ஒன்றும் தோன்றாது, பதில் சொல்கிற அந்த அம்மா ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே இருப்பார்.

புக் செய்யும்போதே இரண்டு பேருக்குத் தனி மேசை வேண்டும் என்று எழுதச் சொல்லுங்கள். ஏஜென்ட் எழுதுவார், அது போய்ச் சேரலாம், சேராமலும் போகலாம். அதனால் கப்பல் ஏறின அன்றைக்கு மத்தியானமே, பெட்டி கேபினுக்கு வருவதற்கு முன்னால், மெயின் டைனிங் வாசலுக்குப் போங்கள். மேசை மாற்றுவதற்கென்று ஹெட் வெயிட்டரோ மேட்ர டீயோ (சாப்பாட்டுக் கூடத்துக்கே பொறுப்பானவர்) ஒரு லிஸ்ட்டோடு உட்கார்ந்திருப்பார். அது எங்கே, எத்தனை மணிக்கு என்று அன்றைய நிகழ்ச்சித் தாளில் அல்லது ஆப்பில் இருக்கும். "ஹனிமூன்" "ஆனிவர்சரி" என்றெல்லாம் பொய் சொல்ல வேண்டாம், டூ-டாப் வேண்டும் என்றால் போதும், இரண்டு பேர் மேசைக்கு நாங்கள் சொல்கிற பெயர் அதுதான். முதல் நாள் இடம் இல்லை என்றாலும் இரண்டாம் நாள் மாறிவிடும், ஏனென்றால் முதல் நாள் ராத்திரி வராத ஆட்கள் நிறையப் பேர் இருப்பார்கள்.

சாப்பாடு இரண்டு பந்தி என்றால் இரண்டாவது பந்தியைக் கேளுங்கள். முதல் பந்தி ஆறு மணியை ஒட்டி வரும், பிள்ளைக்காரர்கள் எல்லாம் அதில்தான். இரண்டாவதில் எட்டேகாலை ஒட்டி உட்கார்ந்தால் கூடம் பாதி அமைதி. எங்களுக்கே அந்த இரண்டுக்கும் நடுவில்தான் தரையில் கிடக்கிற கிரேயான், ஃபிரெஞ்சு ஃப்ரை எல்லாவற்றையும் பொறுக்குகிற வேலை.

கேபின் எடுக்கும்போது வரைபடத்தில் மேலும் கீழும் கேபின்களே இருக்கிற தளமாகப் பார்த்து நடுவாக எடுங்கள். விலை குறைவு என்று குளத்துக்கு நேர் கீழே உள்ள தளத்தை எடுத்தால், விடியற்காலை ஐந்து மணிக்கு டெக்கைக் கழுவுவதற்காக எங்கள் பையன்கள் சாய்வு நாற்காலிகளை இழுக்கிற சத்தம் அப்படியே உங்கள் தலைமேல். நூற்றுக்கணக்கான நாற்காலிகள், ஒன்றொன்றாக, தரதரவென்று. பக்கத்துக் கேபினுக்கு உள்கதவு வைத்த கேபினும் வேண்டாம், அதற்குத் தனி அடையாளம் போட்டிருப்பார்கள். அந்தக் கதவு வழியாகப் பேச்சு முழுக்கக் கேட்கும், அந்தக் கேபின்களைத் தேடி எடுப்பதே பெரிய குடும்பங்கள்தான்.

குளத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பொதுக் குளத்தில் டயப்பர் போட்ட குழந்தைகளை இறக்கக் கூடாது என்பது விதி, அதற்கென்றே தண்ணீர் தெளிக்கிற தனி இடம் வைத்திருப்பார்கள். இருந்தும் இறக்குவார்கள். ஏதாவது ஆகிவிட்டால் எல்லோரையும் வெளியேற்றி, வலை போட்டு மூடி, மருந்து போட்டுச் சுத்தம் செய்யப் பல மணி நேரம் ஆகும். நல்ல வெயிலில் குளத்தில் யாருமே இல்லை, மேலே வலை கட்டியிருக்கிறது என்றால் காரணம் கேட்காதீர்கள்.

இனி நீங்கள் கேட்காத ஒன்று. சாதாரணமாகக் குடும்பக் கப்பலில் போகிற பெரியவர்களுக்கு நான் சொல்கிற யோசனை, கப்பல் ஏதாவது ஊரில் நிற்கிற அன்று கீழே இறங்காதீர்கள் என்பதுதான். பினாங்கிலோ புக்கெட்டிலோ எல்லோரும் இறங்கிப் போனதும் முழுக் கப்பலும் உங்களுக்குத்தான். ஸ்பாவில் கூட அன்றைக்கு விலை குறைப்பார்கள். டிஸ்னி அட்வெஞ்சரில் அது நடக்காது, எங்கும் நிற்காத கப்பல் என்பதால் எல்லா நாளும் எல்லோரும் உள்ளேயே இருப்பார்கள். இது சின்ன விஷயம் இல்லை, யோசித்துக்கொள்ளுங்கள். கப்பல் பெரிசுதான், 2,08,000 டன், முதலில் கெந்திங் என்ற கப்பல் கம்பெனிக்காக ஜெர்மனியில் விஸ்மாரில் கட்ட ஆரம்பித்து, அவர்கள் நொடித்துப் போன பிறகு 2022இல் டிஸ்னி வாங்கியது. அத்தனை பெரிய இடத்தில் ஒதுங்கவும் மூலைகள் இருக்கும். ஆனால் ஊரில் நிற்கிற நாளின் அமைதியை எதிர்பார்த்துப் போகாதீர்கள்.

பயணம் நீள நீளத் தலை நரைத்தவர்கள் அதிகமாவார்கள், மூன்று நாலு நாள் என்றால் பிள்ளைகள் அதிகம், இது எல்லாக் கம்பெனியிலும் உண்டு.

ரெண்டு வால் அம்மா:

நாற்காலி இழுக்கிற சத்தம்!! எங்கள் கேபினில் தினமும் கேட்டது, மேலே யாரோ ஃபர்னிச்சர் கடை வைத்திருக்கிறார்கள் என்று இவர் சொல்லிக்கொண்டிருந்தார்.

செம்பூர்க்காரி அக்கா, அந்தக் கேள்விக்கு ஒன்று சொல்லட்டுமா? என் தங்கைக்கும் குழந்தை இல்லை. "இல்லைங்க, நாங்க ரெண்டு பேர்தான், இந்த மீன் எப்படி இருக்கு?" என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுவாள், நடுவில் மூச்சு விட மாட்டாள். கேட்டவர்கள் மீனைப் பற்றித்தான் பேசுவார்கள்.

மாட்டுங்கா பென்ஷனர்:

நாங்கள் சைவம் என்றால் பனீர் எப்படி இருக்கிறது என்று கேட்கலாம்.

செம்பூர்க்காரி:

கடல் தண்ணி தம்பி, உங்களுக்குத் தனியாக ஒரு கும்பிடு. எங்கும் நிற்காது என்பதை நான் ஒரு சௌகரியமாகத்தான் நினைத்திருந்தேன், அதில் இப்படி ஒரு பக்கம் இருப்பது தோன்றவே இல்லை. இரண்டு பேரும் உட்கார்ந்து பேசினோம். கப்பலை மாற்றப் போவதில்லை, இவருக்கு டிஸ்னிதான் வேண்டும், எனக்கும்தான். ஆனால் மார்ச் கூட்டத்தில் போகாமல் ஜூலையில் வார நடுவில் கிளம்புகிற நாலு இரவு. இரண்டாவது பந்தி, தனி மேசை, நடுத் தளத்தில் பால்கனி கேபின். பாலோ மாதிரி ஏதாவது இருந்தால் ஒரு ராத்திரி அங்கே. கிளம்புவதற்கு முன்னால் நாத்தனாருக்கு இந்த இழையை அனுப்பலாமா என்று யோசிக்கிறேன், அப்புறம் வேண்டாம் என்று தோன்றுகிறது.

கடைசியாக ஒரு சந்தேகம். எந்த ஊரிலும் நிற்காத கப்பல் என்றால் சிங்கப்பூர் விசா ஒரு தடவை நுழைகிற மாதிரி எடுத்தால் போதும்தானே?

போரிவிலி ஃபாஸ்ட்:

போதாது மேடம். எங்கும் நிற்காவிட்டாலும் கப்பல் ஏறும்போது சிங்கப்பூரை விட்டு வெளியேறினதாகக் கணக்கு, இறங்கும்போது மறுபடி இமிக்ரேஷன். சிங்கப்பூர் விசா பெரும்பாலும் பல தடவை நுழைகிற மாதிரிதான் வரும், ஆனால் ஏஜென்ட் "அதெல்லாம் தானா வந்துடும்" என்று சொன்னால் கேட்டுக்கொண்டு சும்மா இருக்காதீர்கள், இ-விசா தாளில் எத்தனை முறை என்று ஒரு வரி இருக்கும், அதை நீங்களே பாருங்கள். சிங்கப்பூருக்குள் நுழைய இணையத்தில் நிரப்புகிற அரைவல் கார்டும் இரண்டு தடவை போட வேண்டியிருக்கும், விமானத்தில் போய் இறங்கும்போது ஒன்று, கப்பலிலிருந்து இறங்கும்போது ஒன்று. இலவசம்தான், காசு கேட்கிற தளத்தில் போய்ப் போட்டுவிடாதீர்கள். ஜூலை என்றால் மும்பையில் மழை பிய்த்துக்கொண்டு ஊற்றும், செம்பூரிலிருந்து ஏர்போர்ட்டுக்கு வழக்கத்தை விட ஒரு மணி நேரம் முன்னாலேயே கிளம்புங்கள்.